தேர் திரும்பும் மூலை

தமிழ் மக்கள் அன்றாடம் வழங்கும் பேச்சிலே தேரிலிருந்து இறங்கி வந்த சொற்கள் சில உண்டு. நடக்கிற காரியத்தைத் தடுப்பவன் முட்டுக்கட்டை போடுகிறான். தொடங்கிய வேலையைப் பாதியிலே விட்டுச் செல்பவன் தேரை இழுத்துத் தெருவில் விட்டவனாகிறான். பல காலம் அலைந்து ஒருவாறு தன் இருப்பிடம் சேர்ந்தவனைக் குறித்துத் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிக்கிறோம். இவற்றுள் முதற் சொல்லுக்கு நேர்ந்த அபகீர்த்தி எனக்கு எப்போதும் நியாயமாகப் பட்டதில்லை. ஏனெனில், தேரோட்டத்தன்று வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் காட்டிலும், சக்கரத்தின் அருகே குனிந்தபடியே கட்டையை ஏந்திச் செல்லும் அந்த நாலைந்து பேர்தாம் தேருக்கும் தெருவுக்கும் உள்ள சம்பந்தத்தை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் ஒரு கணம் அசந்தால் இருமருங்கிலும் உள்ள திண்ணைகளும் அவற்றின்மேல் நிற்கும் குழந்தை குட்டிகளும் என்ன கதியாவார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊரைக் காக்கிறவனுக்கு ஊர் சூட்டிய பட்டம், காரியத்தைக் கெடுப்பவன் என்பது!

இக்காலத்தில் தெரு அமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், நடப்பவர், மிதிவண்டியில் செல்பவர், பஸ்ஸில் போகிறவர், கார் ஓட்டுகிறவர் என்று ஜனங்களை வகைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் இத்தனை அடி என்று அளந்து கொடுக்க முயல்கிறார்கள். அம்முயற்சியைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் நம் கோயில் நகரங்களிலே தெருவின் விஸ்தாரத்தை நிர்ணயித்தவர் இவர்களில் ஒருவருமல்லர். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து, மனிதன் நடக்கும் வேகத்தினும் மெதுவாக நகர்ந்து, ஒரு பகலுக்குள் நிலை சேர்ந்துவிடும் மரத்தேர் ஒன்றே அதற்கு அளவுகோலாக இருந்தது. அவ்வாறு அமைந்த நகரங்களுள் மதுரையைப் போல அதைத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

மீனாட்சியம்மன் கோயிலை நடுவே வைத்து, ஒன்றையொன்று சூழ்ந்து, நாற்றிசைக்கும் நான்கு பக்கமாக வீதிகள் செல்லுகின்றன: திருமதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. வீதிகளுக்கு மனிதரின் பெயரை வைக்காமல் மாதங்களின் பெயரை வைத்தது, அந்தந்த மாதத்து உற்சவமூர்த்தி எந்த வழியே எழுந்தருள்வார் என்பதற்கு அடையாளமாகத்தான். பரிபாடற் புலவர் இந்நகரைத் தாமரைப் பூவுக்கும் தெருக்களை அதன் இதழ்களுக்கும் ஒப்பிட்டார் என்பது கற்றவர் அறிந்தது. அவர் கண்ட மதுரையும் நாம் காணும் மதுரையும் ஒன்றேதானா என்ற விவாதத்துக்குள் நான் புகவில்லை. நம் கண்முன் உள்ள வீதி அமைப்பு, 1529-ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கர் காலத்தில், எழுபத்திரண்டு கொத்தளங்களோடு எழுந்த கோட்டைக்குள் உருப்பெற்றது என்பதே வரலாற்றாசிரியர்கள் கூறுவது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார். அறுவடை முடிந்து கிராமத்து ஜனங்கள் ஓய்ந்திருக்கும் காலம் ஆதலால், புதிதாகச் செய்த பெருந்தேர்களை இழுக்க ஆட்கள் திரளாகக் கிடைப்பார்கள் என்பதே அவர் கருத்து என்று மதுரையில் சொல்லுவார்கள். மாதத்தை மாற்ற அரசனால் முடிந்தது. வீதியை மாற்ற முடியவில்லை. அத்தனை பெரிய தேருக்கு இடம் கொடுக்கக்கூடிய வீதி மாசி வீதி ஒன்றாகவே இருந்தபடியால், பெயர் மாசியாகவும் தேர் சித்திரையாகவும் நின்றுவிட்டன.

நேராக ஓடும்போது தேருக்கு அதிக இடம் தேவையில்லை. சங்கடமெல்லாம் மூலையிலேதான். மாட்டு வண்டிக்காவது காளையின் கழுத்தைத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும். தேருக்கோ அச்சு அசையாது, சக்கரம் பக்கவாட்டில் வளையாது. கீழ மாசி வீதியில் தெற்கு நோக்கி வந்த தேர் தெற்கு மாசி வீதிக்குள் புக வேண்டுமானால், முன்னே கிடக்கும் வடத்தை முதலில் புது வீதிக்குள் கொண்டுபோய்ப் போட்டு, அதைப் பிடித்திருக்கும் ஜனங்களையும் அங்கே நகர்த்தி, சக்கரத்தின் கீழே கட்டைகளைச் சாய்த்துக் கொடுத்து, அந்தச் சாய்வில் சக்கரம் ஏறி வழுக்கும்போது கிடைக்கிற நாலு விரற்கடை திருப்பத்தையே ஆதாயமாகக் கொண்டு, மறுபடி இழுத்து, மறுபடி கட்டை மாற்றி, இப்படிப் பலமுறை செய்த பின்னரே அது முகம் திருப்பும். பின்னாலிருந்து நெம்புகோல் போடுகிறவர்கள் ஒரு தாளத்துக்கு இயங்க, முன்னாலிருந்து வடம் இழுக்கிறவர்கள் வேறொரு தாளத்துக்கு இயங்க, இரண்டையும் கண்ணாலே கோத்து நிற்பவன் கட்டைக்காரன். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்பு அச்சும் நீரியல் தடையும் பொருத்திக் கொடுத்த பிற்பாடுங்கூட, அங்கே மூலைகளில் இரும்புத் தகடுகளைப் பரப்பி மசகு பூசித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே தேர் ஓடும் ஊரில் மூலை வீட்டுக்காரன் தன் விருப்பம்போல் தெருவில் இறங்கிக் கட்டிவிட முடியாது. திண்ணையைச் சற்று நீட்டினால், கூரையின் இறவாரத்தை ஒரு முழம் இறக்கினால், கடை வாசலில் நிரந்தரமாகப் பந்தலிட்டால், முனிசிபாலிடி நோட்டீசு கொடுக்கும்வரை காத்திராமல் அடுத்த தேரோட்டமே அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடும். நகரசபைகள் தோன்றுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரி ஒருவர் ஆண்டுதோறும் ஊரைச் சுற்றி வந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை, சிபாரிசு ஏறாது, மேல்முறையீடும் கிடையாது. எஞ்சிய நாட்களிலெல்லாம் அந்த அகலத்தை அனுபவித்தவர்கள் யார்? தலைச்சுமைக்காரரும், நெல் மூட்டை ஏற்றிய வண்டிகளும், தெருவில் பாண்டி ஆடும் பெண் குழந்தைகளும், மாலையில் கட்டில் போட்டுப் படுக்கும் கிழவர்களுமே. கடவுளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மனிதர் குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். சிற்ப நூல்கள் ஊரின் சுற்று வீதியை மங்கள வீதி என்று வழங்குவது பொருத்தமாகவே இருக்கிறது.

எல்லா மனிதரும் அவ்விதம் இருந்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதை மறைத்துவிட்டுத் தேர் வீதியின் பெருமையைப் பேசுவது பாதிப் படத்தைக் காட்டுவதாகும். இந்நாட்டின் எத்தனையோ தேர் வீதிகளில், தாழ்த்தப்பட்ட வகுப்பார் கால் வைக்கக்கூடாதென்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. தேருக்கு மரம் வெட்டியவனும் தேரோடும் தெருவை மண்ணிட்டு மேடு பள்ளம் தீர்த்தவனும் அத்தெருவிலே நடந்து செல்ல உரிமையற்றவனாய் ஒதுங்கி நின்றான். நடப்பவருக்கு உகந்த தெரு எது என்ற கேள்விக்கு முந்திய கேள்வி, நடக்க விடுகிறார்களா என்பதே. 1924-ஆம் ஆண்டில், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் தடையின்றி நடக்கலாம், பொதுக் கிணறுகளையும் கட்டடங்களையும் பயன்படுத்தலாம் என்று. அது நிறைவேறி அரசாங்க உத்தரவாகவும் வெளிவந்தது. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்குச் சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது. மதுரையிலே 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் புகுந்தது யாவரும் அறிந்த சரித்திரம். ஆயினும், வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. சிவகங்கைச் சீமையிலுள்ள கண்டதேவியில் அந்த வழக்கின் காரணமாகவே தேர் பல ஆண்டுகள் அசையாமல் நின்று, 2024-இல்தான் ஓடியது. தேரை இழுத்துத் தெருவில் விட்டவர்களைப் பழமொழி பழிக்கிறது; இழுக்கவே விடாதவர்களுக்குப் பழமொழி இல்லை.

மாசி வீதிகளுக்கு வெளியே, கோட்டை மதிலும் அகழியும் நகரத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. 1834 முதல் 1847 வரை மதுரையில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அம்மதிலை இடிக்கத் துணிந்தார். சர்க்கார் கஜானாவைத் திறக்காமல் அவர் கையாண்ட உபாயம் சாமர்த்தியமானது: மதிலை இடித்து அந்த மண்ணாலும் கல்லாலும் அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்நிலமே மனையாகக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். அவ்வேலையை மேற்பார்த்த மாரட் என்னும் நில அளவை உத்தியோகஸ்தரின் பெயராலும், பெருமாள் மேஸ்திரியின் பெயராலும் இன்றும் வீதிகள் வழங்குகின்றன. அவற்றுக்கும் அப்பால் கோட்டையின் வெளிப்புறமாக அமைந்தவை வெளி வீதிகள். மேற்கே பஸ் நிலையத்தின் அருகில் கோட்டையின் ஒரு துண்டு மட்டும், தன்னை ஏன் விட்டு வைத்தார்கள் என்று தெரியாத கிழவனைப்போல நிற்கிறது. நன்றி பாராட்டி ஜனங்கள் கலெக்டருக்கு எழுப்பிய விளக்குத்தூண், ஆளின் பெயரை மறந்துவிட்டு, அந்த வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. மதுரை வீதிகளில் மாதத்தின் பெயர் போய் மனிதனின் பெயர் ஏறியது அப்போதுதான். அது வெறும் பெயர் மாற்றம் அன்று. வெளி வீதிகளில் தேர் ஓடுவதில்லை. அவை எந்த மூர்த்தியும் வலம் வருவதற்கென அமையாதவை. பிற்காலத்தில் லாரியும் பஸ்ஸும் தமக்கென்று கைப்பற்றிக்கொள்ளப் போகிற தெருக்கள் அவையே ஆயின. தடுத்துக் கேட்க அங்கே தேர் இல்லை.

இங்கே ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாட்ரிக் கெட்டிஸ் என்ற அந்த நகர அமைப்பு அறிஞரை, சென்னைக் கவர்னராக இருந்த பென்ட்லண்டு பிரபு அழைத்திருந்தார். 1914-இல் அவர் தம்முடைய நகரக் கண்காட்சிப் படங்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்ப, அக்கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. சென்னையிலே குண்டு போட்டு, தமிழில் ஒரு நிரந்தரச் சொல்லாகவும் ஆகிவிட்ட அதே எம்டன்தான்! மனம் தளராமல் வேறு படங்களைச் சேகரித்து 1915-இல் சென்னையிலே கண்காட்சி நடத்திய கெட்டிஸ், பின்னர் மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருங்கிய பழைய தெருக்களை அழித்து, நேர்கோட்டில் அகன்ற சாலை வெட்டுவதே நாகரிகம் என்று எஞ்சினீயர்கள் எண்ணியிருந்த காலத்தில், அது பணத்துக்கும் நஷ்டம், குடியிருப்பவர்களுக்கும் கஷ்டம் என்று வாதாடியவர் அவர். வீடுகளை இடிப்பதைவிட, இடிந்துபோன மனைகளைத் திறந்துவிட்டு, அங்கே மரம் வைத்து, இருக்கிற சந்துகளைச் சீர்செய்வதே நல்ல வைத்தியம் என்பது அவர் அபிப்பிராயம். கோயில் நகரங்களைக் குறித்து 1919-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

அவர் இந்தூரில் செய்த காரியம் ஒன்று, தேர் வீதியின் ரகசியத்தை அவர் எவ்வளவு நுட்பமாகப் பிடித்துக்கொண்டார் என்பதைக் காட்டுகிறது. பிளேக் நோயால் அவதிப்பட்ட அந்நகரில் ஒரு நாள் தமக்கு மகாராஜாவின் அதிகாரம் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு, வரப்போகும் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியிலே போகாது, எந்தத் தெருவார் வீடுகளைப் பழுதுபார்த்துத் துப்புரவாக வைத்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியேதான் போகும் என்று பறைசாற்றினார். ஊர் முழுவதும் வெள்ளையடித்துக் குப்பை வாரியது. வண்டி வண்டியாக வாரியது. சட்டத்தாலும் அபராதத்தாலும் சாதிக்க முடியாததை, தம் வாசலுக்குத் தெய்வம் வருமா என்ற ஏக்கம் சாதித்தது. மதுரைக்காரருக்கு இது புதிதன்று. கெட்டிஸ் அதைத் தந்திரமாகச் செய்தார், நாயக்கர் காலத்தில் அதை வழக்கமாகச் செய்தார்கள்.

1875-இல் ரயில் வந்தது. கிழக்கு வாயிலை முகமாகக் கொண்டு, கால்நடையாக வருகிறவர்களை எதிர்கொண்டு நின்ற கோயிலுக்குப் பின்புறமாக, மேற்கே ஸ்டேஷன் அமையவே, நகரம் மெல்லத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சத்திரங்களும் ஹோட்டல்களும் மேற்கே பெருகின. சுற்றிச் செல்வதற்கென்றே அமைந்த ஊரிலே, நேராகச் செல்ல விரும்புகிற பிரயாணிகள் பெருகினார்கள். ஜட்கா வண்டிகளின் காலமும் சைக்கிளின் காலமும் அடுத்தடுத்து வந்து போயின. அந்நாளில் சைக்கிளுக்கு நகரசபை வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. இரவில் எண்ணெய் விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவதே அவருடைய சுருக்கமான நீதி. வாடகைக்கு மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, மாசி வீதியை ஒரு சுற்றுச் சுற்றி, காசு தீருமுன் கடையில் திருப்பி விட்ட சிறுவர்கள், தெரியாமலே பிரதட்சிணம் செய்தவர்கள். அவர்களுக்காக யாரும் தெருவில் தனிப்பாதை வரையவில்லை. தேருக்கு விட்ட இடம் அவர்களுக்கும் போதுமானதாக இருந்தது.

பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நேர்ந்த பிணக்கை மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும். மதுரையில் பஸ் தொழிலை நிலைநாட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காருடைய வண்டிகளைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் காளைகளின் குளம்பிலிருந்து கழன்று சாலையில் கிடக்கும் லாட ஆணிகள் டயரில் குத்தி அந்தக் கடிகாரத்தைக் கெடுத்தன. அதற்காக ஐயங்கார் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பார்கள். மாட்டைத் தெருவிலிருந்து விரட்டாமல் ஆணியைப் பொறுக்கிய அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. பின்வந்தவர்களுக்கு அது இல்லை. நகரத்தின் பெரிய பஸ் நிலையம் இப்போது ஊருக்கு வெளியே, மாட்டுச் சந்தையின் பெயரையே தாங்கிய மாட்டுத்தாவணியில் இருக்கிறது; மாட்டை விரட்டிய பஸ் மாட்டின் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

மோட்டார் வந்தபோது தேர் வீதி அதற்குத் தயாராகக் காத்திருந்தது போலிருந்தது. சந்துகளில் நுழைய முடியாத கார், கடவுளுக்காகக் காலியாக வைத்திருந்த அகலத்தைக் கண்டு மகிழ்ந்து உள்ளே நுழைந்து, ஓரத்தில் நின்றும்விட்டது. நின்ற காரை எந்தத் தேரும் ஆண்டுக்கொருமுறைக்கு மேல் அகற்ற முடியாதல்லவா? வேகத்தைத் தடுக்கத் தெருவுக்குத் தெரு மேடு கட்டினார்கள். பழைய முட்டுக்கட்டை ஆளறிந்து, இடமறிந்து போட்டது, இந்த மேடோ ஆம்புலன்ஸையும் அறியாது. மேலே மின்கம்பி, கீழே தார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடும் வழக்கத்தால் சாலை ஏற ஏற, திண்ணைகள் தாழ்ந்து, மழைநீர் வீட்டுக்குள் விருந்தாளியாகிறது. தேரின் உச்சியோ கம்பியை நெருங்குகிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் மாண்டார்கள். சாலையின் மட்டம் உயர்ந்திருந்தது அப்போது பேசப்பட்டது. தெருவைக் கட்டுகிறவர்கள் மேலும் கீழும் பார்த்துக் கட்ட வேண்டும் என்பதைத் தேர்த்தச்சர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் கலசத்தின் உயரத்தை வீதி அறிந்தே வைத்தார்கள்.

மதுரையில் சித்திரை வீதிகள் நான்கிலும் பிற்பாடு வண்டிப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. தார் போய்க் கல் பரவிற்று. நடக்க இயலாதவர்களுக்குப் பேட்டரி வண்டி வந்தது. புதுமை என்று இதைச் சிலர் புகழ்ந்தார்கள், வியாபாரம் போயிற்று என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் இரு சாராரோடும் முழுதாகச் சேரமாட்டேன். வெயிலில் பழுத்த கல்லின்மேல் வெறுங்காலோடு வலம் வருகிறவர்களுக்கு நிழல் தரும் மரம் ஒன்றாவது வைக்கத் தோன்றாமற்போனதே என்ற குறை எனக்கு உண்டு. ஆயினும், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒருவர் பின்னோக்கி நாலடி எடுத்து வைக்கலாம், முதுகில் ஹாரன் கேட்காது என்பது சாமானியமான லாபம் அன்று. மாசி வீதிகளின் கதை வேறு. பொலிவுறு நகரத் திட்டத்தில் அவற்றைத் தோண்டினார்கள். தோண்டிய காலம் நீண்டுகொண்டே போனது. கடைக்காரர்கள் பலகை போட்டுக் குழியைத் தாண்டினார்கள். கேபிளுக்கும் குழாய்க்கும் இடம் செய்து, ஓரத்தில் நடைபாதை கட்டி முடித்தபின், நடைபாதையின்மேல் மோட்டார் சைக்கிள்கள் ஏறி நின்றன.

தேரோட்டத்தன்று மட்டும் அவை இரா. முந்திய இரவே மோட்டார் சைக்கிள்கள் எங்கேயோ மறைந்துவிடுகின்றன. கடைகளின் முன்னே நீட்டிய தகரப் பந்தல்கள் சுருங்குகின்றன. குறுக்கே செல்லும் கம்பிகளை மின்வாரியத்தார் அவிழ்த்து ஒதுக்குகிறார்கள். சுவாமி தேர் முன்னும் அம்மன் தேர் பின்னுமாக நான்கு மாசி வீதிகளையும் சுற்றி, தேர்முட்டியில் நிலைக்கு வந்து நின்ற பிற்பாடு, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூட்டம் கலைய, கம்பிகளை மறுபடி கட்டுவதற்கு ஏணிகள் வருகின்றன. தெற்கு மாசி வீதி மூலையிலே, தேர் திரும்பிய இடத்தில், தாரின்மேல் கட்டைகள் அழுந்திய தடங்கள் விசிறிபோல விரிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் முதல் ஆட்டோ, சற்றே குலுங்கி, ஏறி இறங்கிப் போகிறது.